கடமையும் சட்டமும்

(திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பெற்ற தலைப்பு 'கடமையும் சட்டமும்' என்பது. நம் மேடைகளில் மிகுதியாக ஒலிக்கும் சொற்களுள் கடமை என்பதும் ஒன்று. மொழி காப்பது கடமை, இனங் காப்பது கடமை என்று முழங்காத கூட்டம் இல்லை. ஆயினும், கடமை என்பது யாது, அதை நம்மேல் சுமத்துவோர் யாவர், சட்டம் ஒன்று சொல்லக் கடமை வேறொன்று சொல்லுமாயின் எதன்பின் செல்வது என்னும் வினாக்களை நாம் எழுப்பிக்கொள்வது அரிது. எழுப்பிக்கொள்ளாமையால் விளையும் தீங்கு சிறிதன்று. ஓரினத்தையே வேரறுப்பதற்கும் கடமை என்னும் சொல் துணைநின்றிருக்கின்றது. ஆகலின், அவ்வரலாற்றிலிருந்தே என் பொழிவைத் தொடங்குகின்றேன்.

எருசலேம் வழக்கு

1961-ஆம் ஆண்டு ஏப்பிரல் 11-ஆம் நாள் எருசலேம் நகரில் ஒரு வழக்கின் உசாவல் தொடங்கியது. துப்பாக்கிக் குண்டு துளைக்காத கண்ணாடிக் கூண்டுக்குள் அமர்த்தப்பட்டிருந்தவன் பெயர் அடால்பு ஐக்மன். இட்லர் ஆண்ட செருமனியில், யூதரை ஊர்தோறும் திரட்டித் தொடர்வண்டிகளில் ஏற்றிக் கொலைக்கூடங்களுக்கு அனுப்பும் பணியை ஒழுங்கு செய்த அலுவலன் அவன். அக்கொடுங்கோலாட்சியில் கொல்லப்பட்ட யூதர் ஏறத்தாழ 60 இலக்கம் பேர். போர் முடிந்தபின் அர்கெந்தீனா நாட்டில் வேறு பெயரில் மறைந்து வாழ்ந்த ஐக்மனை 1960-ஆம் ஆண்டு மே மாதம் இசுரேலியர் பிடித்துக் கொணர்ந்தனர். 15 குற்றச்சாட்டுகள் அவன்மேல் சுமத்தப்பட்டன.

அவன் கூறிய மறுமொழி யாது? தன் கையால் ஒருவரையும் கொன்றதில்லை என்றான். மேலிடத்து ஆணையை நிறைவேற்றியதாகவும், நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடந்ததாகவும், தன் கடமையைச் செய்ததாகவும் சொன்னான். 1942-ஆம் ஆண்டு சனவரி 20-ஆம் நாள் பெர்லினை அடுத்த வான்சீ என்னுமிடத்தில் உயர் அலுவலர் கூடி யூத அழிப்பைப் பற்றிக் கலந்துபேசியபோது, குறிப்பெடுக்கும் பணியில் இருந்தவன் அவனே. தன்னினும் பெரியோர் அனைவரும் ஒப்பியதைக் கண்டதும் தன் உள்ளத்திலிருந்த பாரம் நீங்கிற்று என்றும் அவன் கூறினான்.

இவற்றினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. தான் வாழ்நாள் முழுதும் செருமன் மெய்யியலறிஞர் இம்மானுவேல் காண்டின் கடமை நெறிப்படியே வாழ்ந்ததாக உசாவலின்போது அவன் சொல்லியிருந்தான். நடுவர் மூவருள் ஒருவர் இதைப்பற்றி அவனை வினவினார். காண்டின் நூலொன்றைத் தான் படித்திருப்பதாகச் சொன்ன ஐக்மன், ஒருவனது செயலின் நெறி எல்லார்க்கும் உரிய பொதுச்சட்டமாகத் தக்கதாய் இருத்தல் வேண்டும் என்பதே அந்நெறி என்று ஏறத்தாழச் செவ்வையாகவே விளக்கினான். ஆனால், அழிப்புப் பணி தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னர் அந்நெறிப்படி வாழ இயலவில்லை என்றும், அப்போது தன் செயலுக்குத் தான் தலைவனாக இருக்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டான்.

1961 திசம்பரில் தீர்ப்பு வந்தது. 1962-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் நள்ளிரவையொட்டி ஐக்மன் தூக்கிலிடப்பட்டான். அவ்வழக்கை நேரில் கண்டு 1963-இல் நூலாக எழுதிய அன்னா ஆரெண்டு அம்மையார், ஐக்மன் காண்டின் நெறியைத் திரித்துக்கொண்டான் என்று காட்டினார். காண்டு, சட்டஞ் செய்பவன் இடத்தில் ஒவ்வொரு மாந்தனின் அறிவையும் அமர்த்தினார். ஐக்மனோ அவ்விடத்தில் இட்லரின் விருப்பத்தை அமர்த்தினான். இருக்கை அதுவே, அமர்ந்தவன்தான் வேறு. அந்த ஒரு மாற்றத்தால் அறநெறி கொலைநெறியாயிற்று.

காண்டு கூறியது

காண்டு 1724-இல் பிரசிய நாட்டின் கோனிக்சுபெர்க்கு நகரில், குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். அந்நகர்ப் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியராக இருந்து, 1804-இல் அங்கேயே மறைந்தார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அந்நகர் உருசியர் கைப்பட்டு, 1946 முதல் கலினின்கிராடு என்று வழங்குகின்றது. அன்னா ஆரெண்டு அம்மையார் இளமையில் வளர்ந்ததும் அதே நகரில்தான்.

1785-இல் வெளிவந்த ஒழுக்க அடிப்படை பற்றிய தம் நூலில் காண்டு கட்டளைகளை இருவகையாகப் பிரிக்கின்றார். செல்வம் வேண்டுமாயின் உழை, உடல்நலம் வேண்டுமாயின் அளவாக உண் என்பன போன்றவை ஒரு வகை. அச்செல்வமோ நலமோ வேண்டாதவனை அவை கட்டுப்படுத்தா. மற்றொரு வகை, எந்தப் பயனையும் முன்வைக்காமல், 'இதைச் செய்', 'இதைச் செய்யாதே' என்பது. அதுவே மாறாக் கட்டளை. அதுவே கடமையின் குரல்.

அக்குரலை அறிவதற்கு அவர் தரும் உரைகல் எளியது. நீ செய்யப்போகும் செயலின் நெறியை உலகத்தார் அனைவரும் கைக்கொள்ள நீ விரும்ப முடியுமா என்று பார். அவரே தரும் எடுத்துக்காட்டு கடன் வாங்குவது பற்றியது. திருப்பித் தர இயலாது என்று அறிந்தே, தருவேன் என்று வாக்களித்து ஒருவன் கடன் கேட்கின்றான். எல்லாரும் அவ்வாறே செய்வராயின், வாக்கு என்பதை எவரும் நம்பார்; கடன் கொடுப்பாரும் இரார். அந்நெறி எல்லார்க்கும் உரியதாகும்போது தன்னைத்தானே அழித்துக்கொள்கின்றது. எனவே அது தகாதது.

இரண்டாவதாக அவர் கூறுவது, மாந்தத் தன்மையை உன்னிடத்தாயினும் பிறரிடத்தாயினும் வெறுங் கருவியாக மட்டும் ஆளாதே என்பது. மூன்றாவதாக அவர் கூறுவதே நமக்கு மிக நெருங்கியது. கடமையின் கட்டளையை நமக்கு இடுபவர் அரசரல்லர், குருமாரல்லர், மேலலுவலரும் அல்லர். நம் அறிவே அதை நமக்கு இடுகின்றது. தானே தனக்கு இட்டுக்கொண்ட சட்டத்துக்குத் தானே கட்டுப்படும் இந்நிலைக்குக் காண்டு பயன்படுத்திய சொல், நம் மொழியில் தன்னாட்சி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லாகும். பழங்கிரேக்கத்தில் அச்சொல், பிறர்க்கு அடிமைப்படாமல் தன் சட்டத்தைத் தானே செய்துகொண்ட நகர நாட்டைக் குறித்தது. நாட்டுக்குரிய அச்சொல்லைக் காண்டு ஒவ்வொரு மாந்தனின் உள்ளத்துக்கும் உரியதாக்கினார்.

தோழர்களே! தன்னாட்சி, தன்னாட்சி என்று முழங்கும் நாம் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். தன்னைத் தான் ஆளாத மக்கள், தம் நாட்டைத் தாமே ஆள்வது எங்ஙனம்?

சட்டத்தின் எல்லை

கடமை என்னும் நம் தமிழ்ச்சொல்லையும் இங்கு நோக்குங்கள். கடன் என்பதும் கடமை என்பதும் ஒரே அடியினின்று கிளைத்தவை. கொடுத்துத் தீர்க்கவேண்டிய பொருளும் கடன். செய்து தீர்க்கவேண்டிய பணியும் கடன். செருமன் மொழியிலோ கடனுக்கும் குற்றத்துக்கும் ஒரே சொல் வழங்குகின்றது. கடனைத் தீர்க்காதவன் குற்றவாளியாகின்றான் என்பதை அவர்கள் மொழியும், தீர்க்கவேண்டியது எதுவோ அதுவே கடமை என்பதை நம் மொழியும் காட்டுகின்றன.

இனி, சட்டம் என்னும் சொல். பலகணிக்கும் படத்துக்கும் சுற்றிலும் பூட்டும் மரத்தையும் நாம் சட்டம் என்கின்றோம். மரச்சட்டம் கோணாமல் நிற்கும். உள்ளிருப்பதைச் சிதறாமல் காக்கும். ஆனால் உள்ளே இருப்பது ஓவியமா வெற்றுத்தாளா என்பதைச் சட்டம் முடிவு செய்யாது. அரசின் சட்டமும் அத்தகையதே.

காண்டு இதனை ஒரு கடைக்காரரைக் கொண்டு விளக்குகின்றார். ஒரு சிறுவன் கடைக்கு வருகின்றான், விலை அறியாதவன். ஆயினும் கடைக்காரர் அவனை ஏமாற்றாமல், எல்லார்க்கும் விற்கும் விலைக்கே விற்கின்றார். ஏன்? ஏமாற்றுவது தகாது என்பதனாலா? ஏமாற்றினால் ஊரார் அறிந்து வாணிகம் கெடும் என்பதனாலா? வெளியே தோன்றும் செயல் இரண்டிடத்தும் ஒன்றே. முன்னது கடமையினின்று எழுந்த செயல். பின்னது கடமையோடு ஒத்துப்போகும் செயல். சட்டம் கேட்பது ஒத்துப்போவதை மட்டுமே. எடையும் அளவும் செவ்வையாக இருப்பின், அளவை ஆய்வாளர் கடைக்காரரின் உள்ளத்தைத் திறந்து பார்ப்பதில்லை, பார்க்கவும் இயலாது, பார்க்க முயல்வதும் கொடுங்கோன்மையாகும்.

இதனால் சட்டம் சிறுமைப்பட்டது என்று கொள்ளற்க. 1797-இல் வெளிவந்த ஒழுக்க மெய்யியல் நூலில் காண்டு சட்டத்துக்குத் தனிப்பகுதியே ஒதுக்கினார். ஒருவன் உரிமையும் மற்றவன் உரிமையும் மோதாமல் ஒருங்கு வாழச் செய்வதே சட்டத்தின் பணி என்பது அவர் கொள்கை. வலியவன் எளியவன் உரிமையைத் தடுக்கும்போது அத்தடையைத் தடுப்பதற்கே சட்டத்துக்கு வலிமை தரப்பட்டிருக்கின்றது. தடைக்குத் தடையாக நிற்பதே அதன் பெருமை. உரிமைக்கே தடையாக அது மாறும்போது அப்பெருமையை அது இழக்கின்றது.

காண்டின் தடுமாற்றம்

அவ்வாறாயின் தீய சட்டம் வந்தால் என்செய்வது? இங்குக் காண்டையும் நாம் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். அரசை எதிர்த்துக் கிளர்ந்தெழும் உரிமை மக்களுக்கு இல்லை என்றே அவர் எழுதினார். எழுதுகோலின் உரிமை ஒன்றே மக்களுரிமைக்குக் காவல் என்றார். அந்த எழுதுகோலுக்கும் சோதனை வந்தது. சமயம் பற்றி அவர் எழுதியவை அரசன் இரண்டாம் பிரெடரிக்கு வில்லியத்துக்குச் சினமூட்டின. 1794-இல் அரசனின் கண்டனவோலை வந்தது. எழுபது அகவையைத் தொட்ட காண்டு, தாம் அரசரின் குடிமகன் என்ற நிலையில் இனிச் சமயம் பற்றி எழுதுவதில்லை என்று வாக்களித்தார். 1797-இல் அரசன் இறந்ததும், அவ்வாக்கு அவ்வரசனோடு முடிந்தது என்று கொண்டு மீண்டும் எழுதினார். தம் கருத்தை மறுத்துப் பொய்கூற அவர் ஒருப்படவில்லை, ஆனால் அடங்கிப்போனார். இதனைப் பொறுமை என்பாரும் உளர். அச்சம் என்பாரும் உளர்.

எனினும் அவர் ஓர் எல்லைக்கோடு வரைந்தே சென்றார். உள்ளத்து ஒழுக்கத்தோடு முரண்படாத எல்லாவற்றிலும் ஆட்சியாளர்க்குக் கீழ்ப்படிக என்பதே அவர் கூறியது. ஆட்சியாளர் தன்னளவிலேயே தீயதொன்றை ஏவினால் கீழ்ப்படியலாகாது என்பதை 1793-இலேயே எழுதியிருந்தார். கிளர்ந்தெழுதல் வேறு, தீமைக்குக் கையாளாக மறுத்தல் வேறு. முன்னதை அவர் ஒப்பவில்லை. பின்னதைக் கடமை என்றே கொண்டார். காண்டின் பெயரைச் சொன்ன ஐக்மன் இக்கோட்டைக் காணவில்லை, காண விரும்பவுமில்லை.

ஆணையை மறுத்த ஒருவன்

ஐக்மனால் வேறு செய்ய முடிந்திருக்குமா, அக்காலத்தில் மறுத்தவன் எவனேனும் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அதே எருசலேம் முறைமன்றத்தில் ஒரு சான்றாளர் ஆண்டன் சிமிது என்பவனின் பெயரைச் சொன்னார். அவன் ஆசுத்திரியாவிற் பிறந்தவன்; செருமன் படையில் கீழ்நிலை அலுவலன். இலித்துவேனியாவின் வில்னா நகரில் இருந்தபோது, யூதரைப் படைவண்டிகளில் ஏற்றி வெளியேற்றியும், அவர்களுக்கு வேண்டிய தாள்களைத் தந்தும் பலரைக் காத்தான். கைப்பொருள் எதுவும் பெறவில்லை. கண்டுபிடிக்கப்பட்டு 1942 ஏப்பிரலில் சுட்டுக் கொல்லப்பட்டான். அவன் பெயர் கூறப்பட்டபோது முறைமன்றத்தில் சிறிது நேரம் ஒரு பேரமைதி நிலவிற்று என்று ஆரெண்டு அம்மையார் எழுதுகின்றார். அவ்வாட்சியின் சட்டப்படி ஐக்மன் நல்ல அலுவலன், சிமிது குற்றவாளி. கடமைப்படி யார் யாரென்று நான் சொல்லவேண்டுவதில்லை.

இவ்வுண்மையை உலகச் சட்டமும் பின்னர் ஏற்றுக்கொண்டது. 1945 ஆகத்து 8-ஆம் நாள் இலண்டனில் ஒப்பமிடப்பட்ட நூரம்பெர்க்கு முறைமன்றச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, மேலிடத்து ஆணைப்படி செய்தேன் என்பது ஒருவனைப் பொறுப்பினின்று விடுவிக்காது, தண்டனையைக் குறைப்பதற்கு மட்டுமே அதைக் கருதலாம் என்றது. செருமன் சட்ட அறிஞர் குசுத்தாவ் இராட்புருக்கு, இட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் பல்கலைக்கழகப் பதவி பறிக்கப்பட்டவர். அவர் 1946-இல் எழுதிய கட்டுரையில், சிறு குறையுள்ள சட்டமும் சட்டமே, ஆனால் பொறுக்கவியலாத அளவுக்கு முறைகெட்ட சட்டம் கட்டுப்படுத்தாது, மாந்தருள் ஒப்புமையை வேண்டுமென்றே மறுப்பது சட்டம் என்னும் பெயருக்கே உரியதன்று என்று வரையறுத்தார். பெர்லின் மதிலைத் தாண்ட முயன்றவரைச் சுட்ட எல்லைக் காவலர் மீதான வழக்குகளில், 1992-இல் செருமன் உயர்முறைமன்றம் இவ்வரையறையைத் துணைக்கொண்டது.

கோவலனை வெட்டியவன்

சட்டத்துக்கும் அறத்துக்கும் இடையே நிகழும் இம்முரண் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தை நாம் பாண்டியனின் தவறாகவும் கண்ணகியின் வழக்காகவும் மட்டுமே படித்துப் பழகிவிட்டோம். இடையில் இருக்கும் காவலரை மறந்துவிட்டோம். சிலம்பு கள்வனிடம் இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொணருமாறு அரசன் ஆணையிடுகின்றான். ஆணை பெற்ற காவலர் பொற்கொல்லனோடு வருகின்றனர். கோவலனைக் கண்டதும், இவன் முகத்தைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தோன்றவில்லையே என்று அவர்கள் தயங்குகின்றனர். பொற்கொல்லன் களவு நூலைப் பற்றி நீளப் பேசி அத்தயக்கத்தைக் கரைக்கின்றான். ஒருவன் தான் முன்பு கள்வனிடம் ஏமாந்த கதையைச் சொல்கின்றான். அரசன் தண்டிப்பானே என்னும் அச்சமும் எழுகின்றது. முடிவில், கல்லாதவனும் கள்ளுண்டவனுமாகிய ஒருவன் வாளை வீசிவிடுகின்றான்.

இளங்கோவடிகள் ஏன் அக்காவலரைப் பேசவைத்தார்? வாள் வீழ்வதற்கு முன் அங்கே அறிவுக்கு ஓர் இடம் இருந்தது என்பதைக் காட்டுதற்கே என்று நான் கருதுகின்றேன். அவர்கள் உள்ளம் ஐயுற்றது. அந்த ஐயமே கடமையின் குரல். அக்குரலைப் பொற்கொல்லனின் நாவன்மையும் அரசனைப் பற்றிய அச்சமும் சேர்ந்து அடக்கின. தன் தீர்ப்புத் தவறென்று அறிந்த பாண்டியன் உயிர்விட்டுத் தன் கடனைத் தீர்த்தான். ஐயுற்றும் வாளா நின்ற காவலரின் கடனைத் தீர்த்தவர் யார்?

1938 காட்டும் வழி

அக்காவலர்போல் வாளா நில்லாமல், ஐயத்தைச் செயலாக்கிய தலைமுறை ஒன்றும் நம்மிடையே இருந்தது. 1938 ஏப்பிரலில் சென்னை மாகாணத்தின் இராசகோபாலாச்சாரியார் அமைச்சரவை, 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி ஆணை பிறப்பித்தது. அதனை எதிர்த்துப் பள்ளி வாயில்களில் மறியல் நிகழ்ந்தது. ஆங்கிலேயரின் அடக்குமுறைச் சட்டம் என்று பேராயக் கட்சி எதனை முன்பு எதிர்த்ததோ, அச்சட்டமே மறியல் செய்தோர்மேல் ஏவப்பட்டது. ஏறத்தாழ 1,200 பேர் சிறைப்பட்டனர். தாய்மார் தம் கைம்மகவுகளோடு சிறை புகுந்தனர். நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்டு 1939-இல் உயிர் துறந்தனர். 1938 நவம்பர் 13-ஆம் நாள் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்கு, மறைமலையடிகளாரின் மகளார் நீலாம்பிகை அம்மையார் தலைமை தாங்கினார். 1940 பிப்பிரவரியில் அக்கட்டாய ஆணை திரும்பப் பெறப்பட்டது.

அவர்கள் சட்டத்தை மீறியவர்களா? ஆம்; மீறினர். அவர்களைக் கள்வரோடும் கொள்ளைக்காரரோடும் வேறுபடுத்துவது யாது? 1795-இல் நிலைத்த அமைதி பற்றி எழுதிய நூலில் காண்டு மற்றோர் உரைகல்லைத் தருகின்றார். பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் நெறியை வெளிப்படையாக அறிவித்தால் அச்செயல் நிறைவேறாது போகுமெனின், அந்நெறி முறையற்றது என்பது அது. கள்வன் தன் நோக்கத்தை அறிவித்தால் களவு நடவாது. ஆகவே அவன் மறைகின்றான். மறியல் செய்தோரோ நாளையும் இடத்தையும் முன்னரே அறிவித்தனர், பகலில் நின்றனர், தம் பெயரைச் சொல்லித் தண்டனையை ஏற்றனர். சட்டம் இருக்கவேண்டும் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. அச்சட்டம் செவ்வையாக இருக்கவேண்டும் என்பதற்குத் தம் உடலை ஈடாக வைத்தனர். தண்டனையை ஏற்கும் ஆண்மை இல்லாதவன் கடமையின் பெயரால் சட்டத்தை மீறுதற்கு உரியவனல்லன்.

இவ்வுரைகல்லை நாம் நமக்கு ஏற்றவிடத்து மட்டும் எடுத்து, ஏலாதவிடத்து மறைத்துவைத்தல் ஆகாது. 1965-இல் இந்தி எதிர்ப்புப் போரில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையான தமிழரை நாம் ஆண்டுதோறும் நினைக்கின்றோம், நினைத்தல் வேண்டும். அதே நாள்களில் திருப்பூரில் கூட்டத்தாரால் எரிக்கப்பட்டு மாண்ட காவலர் இருவரும் மாந்தரே. எவரையும் வெறுங் கருவியாக ஆளாதே என்னும் கட்டளை, சீருடை அணிந்தவரை விலக்கிவிட்டு எழுதப்பட்டதன்று.

நாம் செய்யவேண்டுவன

இனி நம் நிலைக்கு வருவோம். மூன்று செய்திகளைச் சொல்லி முடிக்கின்றேன்.

முதலாவது, சட்டம் வந்துவிட்டால் கடமை முடிந்துவிடாது. தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956-இலேயே இயற்றப்பட்டது. அச்சட்டம் இருந்தும் எத்தனை அலுவலகங்களில் எத்தனை ஆண்டுகள் கோப்புகள் ஆங்கிலத்திலேயே நகர்ந்தன என்பதை நீங்கள் அறிவீர்கள். இன்றும் சென்னை உயர்முறைமன்றத்தின் மொழி ஆங்கிலமே. அங்குத் தடையாக நிற்பது சட்டம். அதனை மாற்றப் போராடுவோம். ஆனால் தமிழில் எழுதச் சட்டம் இடந்தந்த இடத்திலும் எழுதாத கைக்கு எந்தச் சட்டம் மருந்து? மேடையில் தனித்தமிழ் பேசி இறங்கி, வீட்டில் பிள்ளைக்குப் பிறமொழிப் பெயர் சூட்டுபவரைத் தடுக்க எந்த அரசாலும் இயலாது, இயலவும் கூடாது. சட்டம் எனும் மரச்சட்டத்தைச் செய்துவிட்டோம். ஓவியம் தீட்டவேண்டியவர் நாமே.

இரண்டாவது, நாம் கேட்கும் உரிமை எல்லார்க்கும் பொதுவாகும் தகைமை உடையதாக இருத்தல் வேண்டும். வலிய இனம் எளிய இனத்தின்மேல் தன் மொழியைத் திணிக்கலாம் என்னும் நெறியை உலகப் பொதுநெறியாக்கிப் பாருங்கள். அப்போது எம்மொழிக்கும் காவல் இல்லை. ஆகவேதான் இந்தித் திணிப்புத் தவறு. அதே கரணியத்தால், தமிழ்நிலத்தில் வாழும் பிறமொழிச் சிறுபான்மையர் தம் மொழியைத் தம் இல்லத்திலும் பள்ளியிலும் பேணுவதை நாம் தடுத்தலும் தவறு. தமிழுக்கு ஓர் அறம், பிறமொழிக்கு ஓர் அறம் என்று இரண்டு இல்லை. நம் வழக்கின் வலிமையே இந்த ஒருமையில்தான் இருக்கின்றது. இதை இழந்தால் நம் கையில் எஞ்சுவது எண்ணிக்கை மட்டுமே. எண்ணிக்கையிலோ நம்மை ஆள்வோர் நம்மினும் பெரியோர்.

மூன்றாவது, எல்லாவற்றினும் இன்றியமையாதது. தில்லியின் ஆணைக்குக் கண்மூடிக் கீழ்ப்படியலாகாது என்று இளைஞர்க்குச் சொல்கின்றோம். அவ்வாறாயின் நம் இயக்கத்தின் ஆணைக்கும் அவர்கள் கண்மூடிக் கீழ்ப்படியலாகாது. தலைவர் சொன்னார், ஆகவே செய்தேன் என்பவன் நல்ல தொண்டனாகத் தோன்றலாம். ஆனால் அவ்விடை, கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து வந்த விடையே. தலைவர் சொல்வது நல்லதாக இருக்கும்வரை தீங்கு தெரியாது. தீயதாக மாறும் நாளில் அவனுக்குத் தடுத்துநிறுத்த ஓர் உள்ளம் இராது. நம் இளைஞர் வினவட்டும். எம்மையும் வினவட்டும். இன்று நான் சொன்னவற்றையும் உரைகல்லில் உரைத்துப் பார்த்து, தேறியதை மட்டும் கொள்ளட்டும். எண்ணி ஏற்ற பதின்மர், எண்ணாமல் ஏற்ற பதினாயிரவரினும் இவ்வியக்கத்துக்கு வலிமையாவர்.

பெருமக்களே! சட்டம் நம்மை வெளியே இருந்து ஆள்கின்றது. கடமை நம்மை உள்ளே இருந்து ஆள்கின்றது. உள்ளாட்சி இல்லாதவன் நல்ல சட்டத்தின்கீழ் நல்லவனாகவும், தீய சட்டத்தின்கீழ்த் தீயவனாகவும் நடப்பான். அவனுக்கென்று ஒரு முகம் இல்லை. தமிழன் தனக்கென ஒரு முகம் உடையவனாக நிமிர்தல் வேண்டும். அதற்குரிய போர்க்களம் முதலில் அவன் உள்ளத்திலேயே இருக்கின்றது. அங்கு வெல்வோம், பின்னர் வெளியிலும் வெல்வோம்.

வாழ்க தமிழ்! வெல்க அறம்!